போய்ட்டு வா என்று சொல்லாத ஊர்

எங்கள் தொழிற்சாலையில் டீ வண்டி தள்ளிக்கொண்டு வரும் டோரிஸ் என்ற அம்மாள், ஷிஃப்ட் முடிந்து கேட்டைத் தாண்டுகிற ஒவ்வொருவரிடமும் ஒன்று சொல்வார்: "மைண்ட் ஹவ் யூ கோ, லவ்." எப்படிப் போகிறாய் என்று பார்த்துக்கொள், கண்ணு. முதல் நாள் என்னிடம் அதைச் சொன்னபோது நான் குனிந்து தரையைப் பார்த்தேன். குழி ஏதாவது வெட்டி வைத்திருக்கிறார்களா, எண்ணெய் கொட்டிக் கிடக்கிறதா என்று தேடினேன். ஒன்றும் இல்லை. மறுநாளும் சொன்னார், மறுநாளும் குனிந்தேன். இந்த ஆள் தினமும் கேட்டருகில் எதைத் தேடுகிறான் என்று பின்னால் வந்தவர்கள் பேசிக்கொண்டதாகப் பிறகு தெரிந்தது. அது வெறும் விடைகொடுக்கும் வார்த்தை என்று எனக்குப் புரிய ஒரு குளிர்காலம் பிடித்தது. புரிந்த பிறகும் ஒரு குறை உறுத்திக்கொண்டே இருந்தது. போவதைப் பற்றித்தான் பேசுகிறார்கள். திரும்பி வருவதைப் பற்றி ஒருவரும் மூச்சு விடுவதில்லை.

நான் பென்னலூரில் பிறந்தவன். ஸ்ரீபெரும்புதூரைத் தெரிந்தவர்களுக்குப் பென்னலூரைச் சொல்ல வேண்டியதில்லை, தெரியாதவர்களுக்குச் சொன்னாலும் விளங்காது. பெங்களூர் ரோடு ஓரத்தில் ஏரியும் நெல்லும் வேர்க்கடலையுமாக இருந்த ஊர். கிண்டியில் தொழில் படித்து, அம்பத்தூரில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். கைத்தொழில் தெரிந்தவர்களை இங்கிலாந்தில் எடுக்கிறார்கள் என்று அறுபதுகளில் பேச்சு அடிபட்டது. நானும் எழுதிப் போட்டேன், கிடைத்துவிட்டது. கிளம்புகிற அன்று டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தவன், பதற்றத்தில் "அப்பா, நான் போறேன்" என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். அப்பாவின் முகம் சுருங்கிப்போயிற்று. பெட்டியை என் கையிலிருந்து பிடுங்கி உள்ளே வைத்தார்.

"உள்ள வா. ஒக்காரு. தண்ணி குடி. அப்பால ஒயுங்கா சொல்லிட்டு கெளம்பு" என்றார்.

உட்கார்ந்தேன். சொம்புத் தண்ணீரைக் குடித்தேன். ஒன்றும் நடக்காதது போல மறுபடி எழுந்து, "போய்ட்டு வரேன்பா" என்றேன். "போய்ட்டு வா" என்றார். வாயால் கொடுத்த வாக்கு அது. வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிறவனுக்குத்தான் எங்கள் ஊரில் வாசல் திறந்திருக்கும். வெறுமனே போகிறவர்கள் செத்தவர்கள் மட்டுந்தான்.

இப்படிச் சொல்லுக்குப் பயந்த ஊரிலிருந்து வந்தவனுக்கு, இங்கே பக்கத்து மெஷினில் வாய்த்தவர் ரான். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். முனுசாமி என்ற என் பெயரை ஒரு தடவை சொல்லிப் பார்த்து, முடியாது என்று தெரிந்ததும் "சாம்மி" என்று ஆக்கிவிட்டார். நான் பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீஷ் ஒன்று, ரான் பேசிய இங்கிலீஷ் வேறு. அவர் வாயில் எந்தச் சொல்லும் அதன் வேலையைச் செய்யாது. உடம்பு சரியில்லை என்பதற்கு வானிலைக்கு அடியில் இருக்கிறேன் என்பார். ஒருவர் செத்துப்போனால் வாளியை உதைத்துவிட்டார் என்பார். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு நம்மூரில் மண்டையைப் போட்டான் என்கிறோமே, அதை இவருக்கு எப்படி விளக்குவது என்று யோசித்து வாயை மூடிக்கொண்டேன். சுலபமான வேலையை இவர்கள் கேக் துண்டு என்கிறார்கள், நாம் அல்வா சாப்பிடுகிற மாதிரி என்கிறோம். ஆக, சுலபம் என்பது இரண்டு ஊரிலும் தித்திப்பாகத்தான் இருக்கிறது. இப்படி ஒவ்வொன்றாக ஜோடி சேர்த்துப் பார்ப்பது எனக்கு ஒரு பைத்தியமாகவே ஆகிவிட்டது.

ஒன்றுக்கு மட்டும் ஜோடி கிடைக்கவில்லை. லேத்தில் ஒரு வேலையைச் சொல்லிக் கொடுக்கும்போது, இதை இறுக்கு, அதைத் திருப்பு, கைப்பிடியை இழு என்று சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில் "பாப்ஸ் யுவர் அங்கிள்" என்று முடிப்பார். பாப் உனக்கு மாமா. அவ்வளவுதான், வேலை முடிந்தது என்று அர்த்தம். இரண்டு வருஷம் கழித்து என் மனைவி தனலட்சுமி வந்து சேர்ந்தபோது அவளிடம் இதைச் சொன்னேன். அவள் சேரப்பணஞ்சேரிக்காரி, எதையும் விசாரிக்காமல் விடமாட்டாள். "மாமான்னா எந்த மாமா? அம்மா கூடப் பொறந்தவரா, அத்தை வூட்டுக்காரரா?" என்று கேட்டாள். மறுநாள் நானும் ரானிடம் கேட்டேன். அவர் இதுவரை யாரும் கேட்காத கேள்வி என்று சொல்லி, மத்தியானச் சாப்பாடு வரை யோசித்து, தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டார்.

இதையெல்லாம் இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் என் அண்ணன் மகன். போன வருஷம் ஊருக்குப் போயிருந்தேன். ரோட்டோரமாக ஒன்றிரண்டு கம்பெனி ஷெட் எழும்பியிருக்கிறது, அவன் அதில் ஒன்றுக்கு ஷிஃப்ட் போகிறான். "சித்தப்பா, எங்க சூப்பர்வைசரு டெய்லி 'புல் அப் யுவர் சாக்ஸ்'ன்னு கத்திக்கினே கீறாரு. நாங்க செருப்பு போட்டுக்கினு போற ஆளுங்க. இன்னாத்த இழுக்கறது?" என்றான். ஒழுங்காக வேலை பார் என்று அர்த்தம்டா என்றேன். அதை நேராகச் சொன்னால் என்ன என்று கேட்டான். நான் கப்பல் ஏறிப் போய்க் கேட்ட கேள்வியை அவன் பென்னலூரில் இருந்தபடியே கேட்கிறான். ஒருவகையில் அவனுக்கு யோகம்தான்.

ஆனால் சொற்களைப் புரிந்துகொள்வது சின்ன விஷயம். அவற்றுக்குப் பின்னால் இருக்கிற பழக்கம் புரியாமல் நான் பட்ட பாடுதான் பெரிது.

எங்கள் பக்கத்தில் நெல் அறுக்கும்போது ஆளுக்கு ஒரு வரிசை பிடித்துக்கொண்டு போவோம். முதலில் முடித்தவன் வரப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டால் அவனுக்கு மரியாதை இல்லை. பக்கத்து ஆளின் வரிசைக்குள் எதிர்முனையிலிருந்து புகுந்து அறுத்துக்கொண்டு வருவான், இருவரும் நடுவில் சந்தித்துச் சேர்ந்து கரையேறுவார்கள். யாரும் கேட்பதில்லை, யாரும் நன்றி சொல்வதும் இல்லை. இந்தப் பழக்கத்தை நான் மூட்டை கட்டி இங்கே கொண்டுவந்திருந்தேன் என்பது எனக்கே தெரியாது. ஒரு நாள் ரானுக்கு உடம்பு சரியில்லை. பாதி நேரம் கழிவறையில் இருந்தார். என் வேலை சீக்கிரமே முடிந்துவிட்டது. சும்மா உட்கார மனம் வராமல் அவர் மெஷினில் ஏறி, அவர் பாக்கி வைத்திருந்த உருப்படிகளையும் முடித்து அடுக்கி வைத்தேன். உதவி செய்துவிட்டோம் என்று மனசுக்கு நிறைவாக இருந்தது.

ஃபோர்மேன் அதைப் பார்த்துவிட்டார். ஒரே ஆள் இரண்டு பேர் வேலையை இவ்வளவு சீக்கிரம் முடிக்க முடியுமானால் நேரக் கணக்கே தப்பு என்று மேலே சொல்லியிருக்கிறார். அடுத்த வாரம் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓர் ஆள் வந்து ரானின் முதுகுக்குப் பின்னால் நின்றான். எங்கள் வரிசை முழுவதற்கும் ஓர் உருப்படிக்குக் கொடுக்கிற நேரத்தைக் குறைத்தார்கள். இனி எல்லோரும் மூச்சிரைக்க ஓடினால்தான் பழைய சம்பளம். ரான் என் பக்கம் திரும்பி, "யூ ஹாவ் புட் எ ஸ்பேனர் இன் த வொர்க்ஸ், சாம்மி" என்றார். நடக்கிற காரியத்தைக் கெடுத்துவிட்டாய் என்று அர்த்தம், எனக்கோ மெஷினுக்குள் ஸ்பேனரைப் போட்டுவிட்டாய் என்றுதான் பட்டது. பதறிப்போய் மோட்டாரை நிறுத்தி, மூடியைத் திறந்து, உள்ளே கையை விட்டுத் தேடினேன். "நோ ஸ்பேனர், ரான்" என்று நிமிர்ந்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து என்னோடு ஒருவரும் பேசவும் இல்லை.

காலையில் ஆல் ரைட் என்று கேட்கமாட்டார்கள். டீ வேளையில் நான் போய் உட்கார்ந்தால் மேசை காலியாகிவிடும். ரான் என் தோளுக்கு மேலாகச் சுவரைப் பார்த்துக்கொண்டு வேலை செய்வார். அடுத்த பகுதியில் இருந்த குர்தியால் என்ற பஞ்சாபிக்காரர்தான் கழிவறையில் வைத்துக் காதோடு காதாகச் சொன்னார், உன்னைக் கவென்ட்ரிக்கு அனுப்பிவிட்டார்கள் என்று. கவென்ட்ரி என்பது எங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிற நகரம், பஸ் ஏறினால் போய்விடலாம். நான் இடமாற்றல் என்று நினைத்து வீட்டுக்கு வந்து சொல்ல, தனம் அங்கே வீடு கிடைக்குமா என்று கவலைப்பட ஆரம்பித்துவிட்டாள். பேச்சை நிறுத்தி ஒதுக்கிவைப்பதற்கு இவர்கள் இட்ட பெயர் அது என்று மறுநாள்தான் குர்தியால் தெளிவாக விளக்கினார்.

நம்மூரிலும் பேச்சு நின்றுபோவது உண்டு. மண்ணூரில் எங்கள் உறவில் இரண்டு வீட்டுக்காரர்கள் கிணற்றுத் தண்ணீர் விஷயத்தில் வருஷக்கணக்கில் பேசாமல் இருந்தார்கள். ஆனால் அந்த மௌனம் எவ்வளவு சத்தமானது தெரியுமா? இவர் மாட்டைத் திட்டுவார், அது அவருக்கு. அவர் கோழியை விரட்டுவார், அது இவருக்கு. சொல்ல வேண்டியதெல்லாம் ஜாடையாக ஒன்று விடாமல் போய்ச் சேர்ந்துவிடும். இங்கே மாடும் இல்லை, கோழியும் இல்லை. மெஷின் சத்தத்துக்கு நடுவே அப்படி ஒரு நிசப்தம். ரானிடமிருந்து தினம் ஒரு புதுச் சொல் கேட்டு வளர்ந்த என் இங்கிலீஷ் பட்டினி கிடந்தது. டோரிஸ் மட்டும் சாயங்காலம் தவறாமல் மைண்ட் ஹவ் யூ கோ என்று சொல்லிக்கொண்டிருந்தார். நாள் முழுவதற்கும் என் காதில் விழுந்த மனிதக் குரல் அது ஒன்றுதான். எனக்கு அழுகை வந்த நாட்கள் உண்டு. திரும்பிப் போய்விடலாம், அம்பத்தூர்ப் பட்டறையில் கேட்டால் மறுபடி சேர்த்துக்கொள்வார்கள் என்று தனத்திடம் சொல்லிவிட்டேன். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. பெட்டியை இறக்கித் துடைத்து வைத்தாள்.

அந்தச் சமயத்தில்தான் ரானின் அம்மா இறந்துபோனார். அறிவிப்புப் பலகையில் சின்னதாக ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். நான் வீட்டில் வந்து சொன்னேன். அவர்தான் பேசுவதில்லையே, என்னைக் கூப்பிடவும் இல்லை, எப்படிப் போவது என்றேன். தனம் துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நல்லதுக்குதான் கூப்புட்டா போவணும். கெட்டதுக்குக் காதுல வுழுந்தா போதும். போய்ட்டு கைய தொட்டுட்டு வாங்க. பேசச் சொல்லி யாரு கேட்டாங்க?"

அவள் சொன்னது நியாயமாகப் பட்டது. எங்கள் பக்கத்தில் எத்தனை வருஷப் பகையும் சாவு வீட்டு வாசலில் தீர்ந்துவிடும். துக்கத்துக்கு வருகிற ஆண்கள் இரண்டு கையையும் சேர்த்து நீட்ட வேண்டும், துக்கக்காரர் அதைத் தொடுவார், அவ்வளவுதான். வார்த்தை தேவையே இல்லை. பேச்சுக்கே இடமில்லாத ஒரு காரியம் இந்த நாட்டில் எனக்கு வாய்த்திருக்கிறது என்றால் அதை விடலாமா? அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, இருந்த ஒரே கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன்.

சர்ச்சில் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். தொழிற்சாலை ஆட்கள் எல்லோரும் இருந்தார்கள். என்னைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்க்காதவர்கள் ஆனார்கள். ஒருவரும் அழவில்லை. பெண்கள்கூட அழவில்லை. முடிந்து வெளியே வந்தபோது நல்ல நிகழ்ச்சி என்று ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டார்கள். அதன் பிறகு ரான் வீட்டில் எல்லோரும் கூடி ரொட்டியும் டீயும் சாப்பிட்டார்கள். அடுப்பு மூட்டக்கூடாத வீட்டில் கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தது. எனக்குக் கால் கூசியது. ஆனாலும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ரானின் முன்னால் போய் நின்று, தலையைக் குனிந்து, இரண்டு கையையும் நீட்டினேன்.

ரான் என் கைகளைப் பார்த்தார். சுற்றும் முற்றும் பார்த்தார். பிறகு தன் கையில் இருந்த டீக் கோப்பையைச் சாசரோடு என் கையில் வைத்துவிட்டார்.

பாவம், டீ கேட்கிறேன் என்று நினைத்திருக்கிறார். சாவு வீட்டில் டீக் கோப்பையோடு நடு வீட்டில் நின்றேன். குடிக்கவும் முடியாது, திருப்பிக் கொடுக்கவும் தெரியவில்லை. கடைசியில் ஜன்னல் ஓரத்தில் அதை வைத்தேன். யாரிடமும் ஒன்றும் சொல்லாமல், திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்தேன். சாவு வீட்டிலிருந்து கிளம்புகிறவன் போய்ட்டு வரேன் என்று சொல்லக்கூடாது. அப்படிச் சொன்னால் இன்னொரு சாவைக் கூப்பிடுகிற மாதிரி. வீட்டுக்கு வந்தால் தனம் பின்வாசலை மறித்துக்கொண்டு ஒரு வாளி வெந்நீரோடு நின்றாள். அந்தக் குளிரில் தோட்டத்தில் என் தலையில் ஊற்றிவிட்டுத்தான் உள்ளே விட்டாள். பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னல் திரையை மெதுவாக இழுத்து மூடிக்கொண்டார்.

சில நாள் கழித்து ரான் வேலைக்கு வந்தார். வழக்கம் போலச் சுவரைப் பார்த்தார். மெஷினை ஓட்டினார். டீ வேளைக்குச் சற்று முன் மோட்டாரை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"யூ டுக் ஃப்ரெஞ்ச் லீவ், சாம்மி."

எத்தனையோ நாட்களுக்குப் பிறகு என்னிடம் சொன்ன முதல் வார்த்தை. இல்லை, அரை நாள் லீவுதான், ஃபோர்மேன் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்று நான் அவசர அவசரமாகச் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விருந்தாளி ஒருவர் வீட்டாரிடம் சொல்லிக்கொள்ளாமல் நழுவிப் போவதற்கு இங்கே அப்படி ஒரு பேர் இருக்கிறதாம். பழியைப் பிரெஞ்சுக்காரன் தலையில் போட்டுவிட்டார்கள். நான் என் ஓட்டை இங்கிலீஷில் பென்னலூர் வழக்கத்தைச் சொன்னேன். கூப்பிடாமல் வருவது, கையை நீட்டுவது, தொடுவது, சொல்லாமல் போவது, திரும்பிப் பார்க்காமல் போவது. டீக் கோப்பையை ஏன் வைத்துவிட்டு வந்தேன் என்பதையும் சொன்னேன். அவர் காது வரை சிவந்துபோனார். பிறகு, திரும்பிப் பார்க்கவே கூடாதா என்று கேட்டார். கூடாது என்றேன். "ரைட்" என்றார். மோட்டாரைப் போடப் போனவர் நின்று, இன்னொரு ஆளின் மெஷினை அவன் கேட்காமல் தொடாதே, அது இங்கே நம்முடைய வழக்கம் என்றார். அன்று டீக்கு நான் உட்கார்ந்த மேசையில் அவர் வந்து உட்கார்ந்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்தார்கள். தனம் பெட்டியை மறுபடி பரண்மேல் ஏற்றினாள்.

அதற்குப் பின் நான் ஊருக்கு ஒருமுறை போய்வந்தேன். கிளம்பும்போது அப்பாவிடம் ஒழுங்காகவே போய்ட்டு வரேன் என்று சொன்னேன். அவரும் போய்ட்டு வா என்றார். நான் வருவேன் என்று அவர் நம்பினார். நானும் நம்பினேன். சில வருஷம் கழித்து ஒரு ஜனவரியில் தந்தி வந்தது. அது என் கையில் கிடைத்தபோது எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. அண்ணன் கொள்ளி வைத்திருப்பான், ஏரிக்கரையில் சாம்பல் ஆறியிருக்கும். குர்தியாலிடம் சொல்லி அனுப்பிவிட்டு நான் வேலைக்குப் போகவில்லை. அழக்கூடத் தோன்றவில்லை. துக்கம் கேட்க இந்தத் தெருவில் யார் வருவார்கள்? கூப்பிட்டுச் சொல்லாமல் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகிற வழக்கமே இங்கே இல்லை. தனம் அடுப்பு மூட்டமாட்டேன் என்று முதலில் சொன்னவள், என் முகத்தைப் பார்த்துவிட்டு டீ மட்டும் போட்டுக் கொடுத்தாள்.

சாயங்காலம் கதவு தட்டும் சத்தம் கேட்டது. டீக் கோப்பையும் கையுமாகப் போய்த் திறந்தேன். ரான் நின்றுகொண்டிருந்தார். குர்தியால் சொல்லியிருக்க வேண்டும். தொப்பியைக் கழற்றிக் கோட்டுப் பையில் திணித்தார். ஒன்றும் பேசாமல் இரண்டு கையையும் சேர்த்து என் முன்னால் நீட்டினார்.

என் கையில் கோப்பை இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் தடுமாறி, கடைசியில் செருப்பு வைக்கிற பலகையில் வைத்துவிட்டு அவர் கைகளைத் தொட்டேன். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. ரான் உள்ளே வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். தனம் அவருக்கு ஒன்றும் கொடுக்கவில்லை, அவரும் எதையும் எதிர்பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் இருந்தார். எழுந்தார். குட் பை என்றோ, நாளை பார்க்கலாம் என்றோ ஒரு சொல் சொல்லாமல் வாசலைத் தாண்டி இறங்கினார்.

என்னைக் கேட்காமலே என் வாய் சொல்லிவிட்டது: "மைண்ட் ஹவ் யூ கோ, ரான்."

"இன்னாங்க இது, சாவு வூட்ல போயி சொல்லி அனுப்பறீங்க" என்றாள் தனம் உள்ளேயிருந்து.

தெருவில் பனி உறைந்து கிடந்தது. விளக்குக் கம்பத்தருகே ரானுக்குக் கால் வழுக்கியது. பக்கத்து வேலியைப் பிடித்துச் சமாளித்துக்கொண்டு நின்றார். பென்னலூர்க்காரனாக இருந்தாலும் அந்த இடத்தில் யாராவது பார்த்துவிட்டார்களா என்று ஒரு தடவை திரும்பியிருப்பான். அவர் திரும்பவில்லை. நான்தான் கதவைச் சாத்தாமல், அவர் போகிறதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.